கால் படாத இடம்

எங்கள் வீட்டு மண்ணை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு முறை பார்த்தார். முதல் முறை எனக்குச் சிரிப்பு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். இரண்டாவது முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரை ஒரு முறை கெடுத்தாயிற்று. இன்னொரு முறை எடுத்து ஆளவேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரியில் ஃபீஸ் என்ற சொல் டாக்டருக்கும் வக்கீலுக்கும் மட்டுமே உரியது. அந்த ஊரில் ஒருவர் 'வீட்டுத் தோட்ட ஆலோசகர்' என்று அட்டை அச்சடித்துக்கொண்டு சைக்கிளில் சுற்றினார் என்றால் ஊர் எப்படிச் சிரித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். குழியைத் தோண்டிச் செடியை வைத்தால் வளர்ந்துவிட்டுப் போகிறது, இதற்கு எதற்கு ஆலோசனை என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்கு 'மண்ணுதின்னி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். நான் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். கண்டித்திருக்கலாம். கண்டிக்கவில்லை.

அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். பெங்களூரில் பெரிய பெரிய பங்களாத் தோட்டங்களில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை பேண்ட் போடுவார். அதன் இரண்டு முழங்காலும் எத்தனை துவைத்தாலும் செம்மண் நிறமாகவே இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மண்டியிட்டுவிடுவார். இடது கையில் தோல் வார் போட்ட பெரிய வாட்ச். அந்தக் காலத்திலேயே பழைய வாட்ச் அது. பேச்சில் நடுநடுவே 'நோடி' என்பார். பாருங்கள் என்று அர்த்தம்.

என் கணவர் யூனியன் ஆபீசில் வேலை பார்த்தார். எங்கள் மாதா கோவில் கமிட்டிக்கும் அவர்தான் செயலாளர். ஊருக்கு வெளியே ராகிக் கொல்லையாக இருந்த இடத்தில் மனை வாங்கி வீடு கட்டினோம். அவருடைய மேலதிகாரி வீட்டில் தோட்டம் போட்டுக் கொடுத்தவர் இவர் என்று தெரிந்ததும், எங்கள் வீட்டுக்கும் அழைத்து வந்துவிட்டார். ஒரு கைபம்பை நம்பித் தெருவே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம். அந்தத் தெருவில் பூந்தோட்டம் போட நினைத்தது எவ்வளவு பெரிய திமிர் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

வந்த அன்று அவர் டேப் எடுத்து அளக்கவில்லை. ஒரு நாற்காலி கேட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டு, அந்த வாட்சைப் பார்த்துப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். என் கணவருக்குக் கொஞ்சம் மானம் போனது போல இருந்தது. மல்லி வேண்டும், ரோஜா வேண்டும், மேலதிகாரி வீட்டில் இருப்பது போலப் புல்தரை வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"தண்ணி யாருங்க ஊத்துவாங்க?" என்று கேட்டார்.

அதெல்லாம் ஊற்றுவார்கள் என்றார் என் கணவர். யார் என்று மறுபடி கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு என் கணவரிடம் அவர் பேசியது குறைவு. எந்தக் கையில் குடம் தூக்குவேன், பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்குப் போவேன், இடுப்பு வலி உண்டா, பிள்ளை இடுப்பிலா நடக்கிறதா என்று என்னைத்தான் கேட்டார். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் என் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்ட முதல் ஆண்பிள்ளை அவர். புல்தரை வேண்டாம், அது டீச்சரம்மாவைக் கொன்றுவிடும் என்று என் கணவரிடம் நேராகவே சொன்னார். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் தானாகவே ஓடிப் பின்பக்கத்து முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிற மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டினார். முன்பக்கத்துக்கு நான் தினம் நாலு குடம் தூக்கினால் போதும் என்று கணக்கு.

பிறகுதான் மண்டியிட்டு, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடி, பாயசத்தில் இனிப்புப் பார்க்கிறவர் மாதிரி மெதுவாகச் சப்பினார்.

"ராகி வெளஞ்ச மண்ணுங்க. சுத்தம். உப்பு கரிப்பே கெடையாது" என்றார். நான் சிரிப்பை அடக்க உள்ளே ஓடியது அப்போதுதான்.

தண்ணீர் ஊற்றுகிறவர் பக்கம் நிற்பது என்பது அவருக்கு ஒரு பிடிவாதம். ஊரில் ஒரு டாக்டர் வீட்டில் ஐம்பது தொட்டி ரோஜா கேட்டார்கள். அங்கே தண்ணீர் சுமந்தது வேலைக்கு வந்த ஒரு வயதான அம்மா. "அந்தம்மா இடுப்பைக் கேட்டுட்டுச் சொல்றேங்க" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு, பத்துத் தொட்டிக்கு மேல் வைக்கமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். டாக்டருக்கு வந்த கோபத்தில் அந்தப் பத்தும் இல்லாமல் போனது. ஒரு வக்கீல் வீட்டில் மருமகள் கேட்டைச் சாத்த மறந்து, ஆடு புகுந்து எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டது. மாமியார் அந்தப் பெண்ணை நடுவாசலில் நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தபோது இவர் போய்ச் சேர்ந்தார். ஆடு வரும் என்று தெரிந்தும் முள் கட்டாமல் போனது தன் தப்பு என்று சொல்லி, தன் கைச்செலவில் திரும்ப நட்டுக் கொடுத்தாராம். இதை அவர் சொல்லவில்லை. அந்த மருமகளே என்னிடம் சொன்னாள். நான் அவரிடம் கேட்டபோது ஒரே ஒரு வரிதான் சொன்னார்.

"செடி செத்தா ஊத்தனவங்களக் கேக்கக் கூடாதுங்க. வெச்சவனத்தான் கேக்கணும்."

நல்ல கொள்கை என்று தலையாட்டினேன். அது யார் தலையில் விடியப்போகிறது என்று அப்போது தெரியாது.

எங்கள் தோட்டத்தை ஆவணியில் நட்டார். ஏரியில் வண்டல் எடுத்துவந்து, ஒவ்வொரு கூடையிலும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொட்டினார். கூடையை இறக்கிய ஆட்களுக்கு வேலை ஓடவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்டை ஒட்டி முல்லைப் பந்தல், மதிலோரம் செம்பருத்தி, நந்தியாவட்டை, இரண்டு ரோஜா, மூலையில் எலுமிச்சை. யாரும் மிதித்துவிடக் கூடாது என்று மதிலோரப் பாத்தியைச் சுற்றிச் செங்கல்லைச் சாய்த்து நட்டு வரப்புக் கட்டினார். பிள்ளையிடம் குனிந்து, இதற்குள்ளே கால் வைக்கக் கூடாது கண்ணு என்று விரலை ஆட்டிச் சொன்னார். அவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகமாட்டாள்.

மழையும் நன்றாகப் பெய்தது. கார்த்திகையில் முல்லை பந்தலில் ஏறிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று பூசைக்குப் போய்விட்டு வந்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கைபம்பில் குடத்தோடு நின்ற பெண்கள் 'டீச்சர் வூட்டுல பாரு' என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. பெருமையாக இருந்தது. தை மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது போவதும், போனது வருவதுமாக இருந்தது.

பள்ளியில் தையல் டீச்சர் ஒருத்தி இருந்தாள். வீடு கட்டினாய், தோட்டம் போட்டாய், ஊர்க் கண்ணெல்லாம் பிள்ளை மேல் விழுந்திருக்கிறது என்றாள். செவ்வாய், வெள்ளி பொழுது சாயும்போது இரண்டு கை கல் உப்பைப் பிள்ளைக்குச் சுற்றி, தண்ணீரில் கரைத்து, கால் படாத இடத்தில் ஊற்றச் சொன்னாள். மனிதர் மிதித்தால் கண்ணேறு அவர்களைப் பிடித்துக்கொள்ளும், அதனால் கால் படாத இடம் முக்கியம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

எங்கள் வீட்டில் இது நடக்கிற காரியம் இல்லை. நாங்கள் கத்தோலிக்கர். என் கணவர் அதில் ரொம்பக் கண்டிப்பு; கண்ணேறு கழிப்பதெல்லாம் விசுவாசம் இல்லாதவர்கள் செய்வது என்று கோவில் ஜெபக் கூட்டங்களில் பேசுகிறவர். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் கோவிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை கமிட்டிக் கூட்டம். எனக்கு அது வசதியாக இருந்தது. பின்பக்கம் துவைக்கிற கல், நாள் முழுதும் கால் படும். பக்கவாட்டில் நடைபாதை. தெருவில் ஊற்றினால் பார்த்துவிடுவார்கள். வீட்டிலேயே கால் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் செங்கல் நட்டு வரப்புக் கட்டிய அந்தப் பாத்தி.

முதலில் எலுமிச்சை மூலையில் ஊற்றினேன். ஒரு மாதத்தில் எலுமிச்சை இலை ஓரம் கருகியது. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். பிள்ளை மேல் இருந்த கண்ணேற்றைச் செடி வாங்கிக்கொண்டது என்று நினைத்தேன். தையல் டீச்சரும் அதைத்தான் சொன்னாள். எலுமிச்சை காய்ந்ததும் ரோஜாவுக்கு நகர்ந்தேன், பிறகு நந்தியாவட்டைக்கு, செம்பருத்திக்கு, முல்லைக்கு. செடி வாட வாட எனக்கு நம்பிக்கை கூடியது. காய்ச்சலும் குறைந்துகொண்டு வந்தது. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார், அதையும் செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் குணமானதற்கு எதற்கு மார்க் போடுவது என்று வந்தபோது உப்புக்குத்தான் போட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கைக் குடைந்து, உப்பைப் போட்டு, உள்ளே இருக்கிற தண்ணீர் எப்படி வெளியே வந்துவிடுகிறது என்று வருஷா வருஷம் செய்து காட்டுகிறவள் நான்.

அந்த வருஷம் சித்திரை மழையும் ஏமாற்றிவிட்டது. வைகாசியில் மதிலோரத்தில் பச்சை என்று ஒன்று இல்லை. முல்லைப் பந்தலில் வெறும் குச்சி. என் கணவர் ஆளனுப்பி அவரை வரவழைத்தார்.

சைக்கிளை நிறுத்தியதும் அவர் நேராகப் போய் மண்டியிட்டார். எலுமிச்சை மூலையில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் மாறியது. எழுந்து பின்பக்கம் போனார். முருங்கை பூத்திருந்தது, கறிவேப்பிலை தளதளவென்று நின்றது. அங்கேயும் மண்டியிட்டு ஒரு சிட்டிகை வாயில் போட்டார். திரும்பி வந்து அந்தச் செங்கல் வரப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளையும் பார்த்தார். நெற்றியில் பொட்டு இல்லாத எங்கள் வீட்டுப் பிள்ளை இடுப்பில், தையல் டீச்சர் கொடுத்த கறுப்புக் கயிறு கவுனுக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"தண்ணி நீங்கதானே ஊத்தறீங்க டீச்சரம்மா?"

ஆமாம் என்றேன்.

"தண்ணி மட்டுந்தானே?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஐந்து மாதமாக விளங்காதது அந்த ஒரு கேள்வியில் விளங்கிவிட்டது. என் கணவர் பக்கத்திலேயே நின்றார். இல்லை என்று நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தால்கூடப் போதும். கேள்வி கேட்டவரை முறைத்தேன்.

"தண்ணிதான். வேற என்னத்த ஊத்துவாங்க?"

அவர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அப்ப என் தப்புதாங்க சார். ஏரியில இருந்து கொண்டாந்த வண்டல்ல உப்பு இருந்திருக்குது. வாயில போட்டுப் பாக்காம கொட்டிட்டேன்."

ஒவ்வொரு கூடையையும் அவர் சுவைத்துப் பார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதே வண்டல்தான் பின்பக்கத்துக்கும் போட்டது. இதையெல்லாம் சொல்ல அங்கே இருந்த ஒரே சாட்சி நான்தான். என் கணவர் கண்டபடி கத்தினார். ஊர் மண்ணையெல்லாம் தின்று பார்க்கிறவருக்கு எங்கள் வீட்டு மண்ணுக்கு மட்டும் வாய் வலித்துவிட்டதா என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். காபி கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, என் கணவர் ஆபீசில் இருந்த நேரம், அவர் கடப்பாரையோடு வந்தார். எனக்கு அரைநாள் பள்ளி, வீட்டில்தான் இருந்தேன். உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு நேராக எலுமிச்சை மூலைக்குப் போனார். பட்டுப்போன செடியை வேரோடு எடுத்தார். அந்த உப்பு மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வாரி வெளியே போட்டார். குழியில் ஜல்லியை நிரப்பி, சுற்றி ஆற்றுக் கல்லை வட்டமாகப் பதித்து, அடியிலிருந்து மதிலுக்கு வெளியே சாக்கடைக்கு ஒரு துளை விட்டார். ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி அதில் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் நிற்காமல் வெளியே ஓடியது.

"இங்க ஊத்துங்க டீச்சரம்மா. இங்க நான் எதையும் வெக்க மாட்டேன். கால் படாது."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"எங்க வூட்லயும் ஊத்துவாங்கங்க" என்றார். "புள்ளைக்கு ஒண்ணுன்னா யாருதான் சும்மா இருப்பாங்க?"

அன்றைக்குக் காபி கொடுத்தேன். குடிக்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கோவில் வளாகத்தில் பெண்கள் விடுதி புதிதாகக் கட்டியிருந்தார்கள். அதைச் சுற்றித் தோட்டம் போட ஃபாதர் கூப்பிட்டிருக்கிறார், அங்கேயே தங்கிக்கொள்ள இரண்டு ரூம் தருகிறார்களாம் என்றார். அவர் மனைவியும் இரண்டு பெண்களும் மொரப்பூருக்குப் பக்கத்தில் மச்சான் வீட்டில் இருந்தார்கள். இவர் தர்மபுரியில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாகக் கிடந்தார். "நோடி, எட்டு வருஷமா அடுத்தவங்க வூட்டு அடுப்பு. இனிமே எங்களுக்குன்னு ஒரு அடுப்பு பத்த வெக்கலாம்" என்றார்.

என் கணவரிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. உப்பு விஷயம் அவருக்குத் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். என்னால் கெட்ட பெயரைச் சுமந்துகொண்டிருந்த மனிதரிடம் இன்னொரு உதவியும் கேட்டேன்.

"சாருக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தபோது ஃபாதர் எங்களைக் கூப்பிட்டார். விடுதித் தோட்டத்தை அவரிடம் கொடுப்பதா என்று கமிட்டியில் என் கணவர் ஆட்சேபித்திருந்தார். அது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது. ஃபாதர் நிதானமான மனுஷர். ஒருவர் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்ய அவருக்கு இஷ்டமில்லை.

"சார் ஒண்ணு சொல்றார். நீங்க சயின்ஸ் டீச்சர், நீங்க சொல்லுங்கம்மா. அவருக்கு மண்ணு தெரியுமா?"

தெரியும் என்ற ஒரு சொல் போதும். கையில் ஜெபமாலை வைத்திருந்தேன். என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செடியெல்லாம் காஞ்சு போச்சு ஃபாதர்" என்றேன்.

இதில் பொய் ஏதும் இல்லை என்று அன்று முழுதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடுதித் தோட்டம் சேலத்திலிருந்து வந்த யாருக்கோ போனது. டீச்சரே சொல்லிவிட்டார் என்று பேச்சு ஊரில் பரவியது. மண்ணைச் சுவைத்துப் பார்க்காமல் கொட்டியவர் என்று ஆகிவிட்ட பிறகு அவரை யார் கூப்பிடுவார்கள்? ஆறு மாதத்தில் சைக்கிள் கடை அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

மதிலோரப் பாத்தியின் மீதி மண்ணை ஆள் வைத்து மாற்றி, பழையபடி செம்பருத்தியும் முல்லையும் வைத்தோம். நன்றாகவே வந்தன. மண்ணுதின்னி கதையை என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான் காபி கொண்டுவந்து வைப்பேன். அந்தக் கல் வட்டத்தில் இன்னும் இரண்டு வருஷம் உப்புத் தண்ணீர் ஊற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்பு எதற்கும் ஆகாது என்று தெரிந்த பிறகும் ஊற்றினேன். பிள்ளை விஷயம், பயமாக இருந்தது. மாதா மாதம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். கோபப்பட்டேன், புறணி பேசினேன், பொய் சொன்னேன் என்று ஒப்பித்துவிட்டு வருவேன். பொய் என்றால் எந்தப் பொய் என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. என் கணவர் இறந்த பிறகாவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளை வாசிக்கும்போது, சீடர் ஒருவர் அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலிக்கிற இடம் வரும். அந்த இடம் வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஏனென்றால் மூன்றாவது முறையும் ஒன்று உண்டு.

நாலைந்து வருஷம் கழித்து, சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். என் கணவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டீ வாங்கப் போயிருந்தார். நான் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நனைந்த சாக்கில் நாற்றுக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஒருவர் வந்து பக்கத்தில் இறக்கினார். வேட்டி, தலையில் துண்டு, நரைத்த தாடி. முழங்காலைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ள முடியாது. கையில் இருந்த வாட்சைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அவர் என்னை முன்பே பார்த்துவிட்டார். கும்பிட்டார். எனக்குக் கை எழவில்லை. யாரோ ஒருவர் கொல்லையில் கூலிக்கு நாற்று நடுகிறார் என்று அந்தக் கட்டுகளிலேயே தெரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற சொல் வாய்வரை வந்தது, சத்தியமாக வந்தது. அதற்குள் அவரே கேட்டார்.

"புள்ளைக்குக் காய்ச்சல் வருதாங்க இப்ப?"

இல்லை என்றேன். வந்தே இரண்டு வருஷம் ஆகிறது என்றேன்.

"நல்லதுங்க" என்றார். அவருடைய பெண்களைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோது என் கணவர் டீயோடு வந்துகொண்டிருந்தார். அவர் துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து கட்டுகளை எடுத்தார்.

"யாரு அது?" என்று என் கணவர் கேட்டார்.

"யாருன்னு தெரியல. டைம் கேட்டாரு."

அவருக்கு அது கேட்டது. கேட்கிற தூரத்தில்தான் நின்றார். திரும்பாமலேயே, "ஆமாங்க சார், டைம் என்னாச்சுன்னு கேட்டேன்" என்றார். கட்டுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார். சாக்கைப் பிடித்திருந்த இடது கையில் அந்தப் பெரிய வாட்ச் வெயிலில் மின்னியது.

என் கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

"கையில வாட்சக் கட்டிக்கிட்டு டைம் கேக்கறான் பாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.